பத்துக் கட்டங்களுக்குள் அடங்காத இலக்கம்: மென்பொருள் சேவைகளுக்கு விதி எழுதுவது யார்?

2017ஆம் ஆண்டு தம்பியின் விண்ணப்பம் ஒன்றைக் கொடுப்பதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அவன் தேசிய அடையாள அட்டை எடுத்து அதிக நாளாகவில்லை. கருமபீடத்தில் இருந்த அம்மா அட்டையைப் பார்த்து இலக்கத்தைக் கணினியில் அடித்தார். பிறகு அழித்துவிட்டுத் திரும்பவும் அடித்தார்.

"பிள்ளை, இது எடுக்குதில்லை. பழைய நம்பர் இருக்கா?"

தம்பிக்குப் பழைய நம்பர் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. 2016 ஜனவரி 1 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் புதிதாக வழங்கிய அடையாள அட்டைகளில் 12 இலக்கங்கள் இருந்தன. அதற்கு முந்தியவற்றில் 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். அந்த அலுவலகத்தின் கணினித் திரையிலோ பத்து எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "அம்மாவின்ர நம்பரைத் தாங்கோ, பிறகு மாத்திக்கொள்ளலாம்" என்றார் அவர். கொடுத்தோம். உதவி செய்ய நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அந்தப் 'பிறகு' வந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. இரண்டு வருடங்கள் கழித்துப் பதிவைத் திருத்தப் போனபோது, கிளை அலுவலகம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. தலைமை அலுவலகம், பதிவு செய்த கிளைதான் திருத்த வேண்டும் என்றது. திரும்பி வந்தால், மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். இந்தப் பதிவு உங்களுடையதுதானே என்று கேட்டேன். "எங்கட சிஸ்டம்தான். ஆனா மாத்துற அதிகாரம் எங்களிட்ட இல்லை."

நான் தொழில்நுட்பவியலாளர் அல்ல. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்று, சுயாதீனமாக எழுதிப் பிழைப்பவள். ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்தால் இதன் உரிமையாளர் யார், இது யாருக்குப் பொறுப்புச் சொல்கிறது என்று முதலில் கேட்கும்படி எங்களைப் பழக்கியிருந்தார்கள். அதே கேள்வியை மென்பொருளிடமும் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கருமபீடத்தில்தான் கற்றுக்கொண்டேன். மென்பொருள் உலகில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: சேவை ஆளுகை. சேவைகளால் கட்டப்பட்ட மென்பொருள் முறைமைகளை யார், எந்த விதிகளின்படி நடத்துகிறார்கள் என்பதே அது. டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிப் பேசப்படும் இந்தக் காலத்தில், அந்த விதிகளைப் பொறியியலாளர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

சேவை என்றால் என்ன?

வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை இணையத்தில் புதுப்பித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அனுமதிப்பத்திரம் தருவது மாகாண மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம். ஆனால், காப்புறுதி இருக்கிறதா என்பது காப்புறுதி நிறுவனத்துக்குத்தான் தெரியும். புகைப் பரிசோதனையில் வாகனம் தேறியதா என்பது பரிசோதனை நிலையத்துக்குத்தான் தெரியும். பணம் வந்து சேர்ந்ததை வங்கிதான் சொல்ல வேண்டும். முன்பு இந்தக் கடதாசிகளையெல்லாம் நாங்கள்தான் கையில் சுமந்து திரிந்தோம். இணையச் சேவையில் ஒரு கணினி மற்றக் கணினியிடம் நேரடியாகக் கேட்கிறது: 'இந்த இலக்க வாகனத்துக்குக் காப்புறுதி உண்டா?' மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறது.

இப்படிக் கேள்வியை ஏற்றுப் பதில் தரும் ஒவ்வொரு பகுதியும் ஒரு சேவை. ஒரே பெரிய மென்பொருளாகக் கட்டாமல், தனித்தனிச் சேவைகளாகக் கட்டி அவற்றை ஒன்றோடொன்று பேசவிடுவதே சேவைசார் கட்டமைப்பு. இன்று வங்கிச் செயலி தொடக்கம் மின்சாரப் பட்டியல் கட்டணம் வரை பெரும்பாலானவை இந்த முறையில்தான் இயங்குகின்றன.

இரண்டு சேவைகள் பேசுவதற்கு அவற்றுக்கிடையே ஓர் உடன்பாடு வேண்டும். என்ன கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்கலாம், என்ன பதில் வரும் என்பதை அது சொல்லும். தொழிலில் இதனைச் சேவை ஒப்பந்தம் என்பார்கள். 'அடையாள அட்டை இலக்கம் பத்து எழுத்துகள் கொண்டது' என்பதும் அப்படியொரு ஒப்பந்தத்தின் ஒரு வரிதான். 2016இல் அந்த வரி மாறியது. தம்பியின் விண்ணப்பம் போன இடத்தில் அந்த மாற்றம் திரைக்கு வந்து சேரவில்லை.

இத்தனைக்கும் அந்த மாற்றம் கடினமான கணக்கல்ல. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடத்தைக் குறிக்கும். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பிறகு தொடரிலக்கம், கடைசியில் சரிபார்ப்பு எண். புதிய முறையில் வருடம் நான்கு எண்களாகவும் தொடரிலக்கம் நான்கு எண்களாகவும் ஆயின. பழையதைப் புதியதாக்க முன்னால் 19ஐயும் தொடரிலக்கத்துக்கு முன் 0வையும் சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் போதும். ஒரு நிரலாளர் ஒரு மதிய நேரத்தில் செய்து முடிக்கும் வேலை. அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதுதான் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆளுகைக் கொள்கை எதைச் சொல்ல வேண்டும்?

இந்தத் துறையின் நூல்களும் நிறுவனங்களும் பல சொற்களில் சொல்வதைச் சுருக்கினால், ஒரு நல்ல கொள்கை ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1. இந்தச் சேவையின் உரிமையாளர் யார்? நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. பொறுப்புச் சொல்லும் பதவியும் வேண்டும்.
2. என்னென்ன சேவைகள் இருக்கின்றன, அவற்றை யார் யார் பாவிக்கிறார்கள் என்ற பதிவேடு எங்கே?
3. யார் கேட்கலாம், எந்த நோக்கத்துக்காகக் கேட்கலாம், எவ்வளவு தகவல் கொடுக்கலாம்?
4. ஒப்பந்தம் மாறினால் எத்தனை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும்? பழைய வடிவம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்?
5. யார் எதை எப்போது கேட்டார் என்ற குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது? அதை யார் பார்க்கலாம்?
6. சேவை விழுந்தால் யாரை எழுப்ப வேண்டும்? பிரதி எங்கே இருக்கிறது?
7. காலாவதியான சேவையை யார், எப்படி ஓய்வு பெறச் செய்வது?

இவற்றில் சில, சேவையைக் கட்டும்போதே பார்க்க வேண்டியவை: பெயர், தரவின் வடிவம், மொழி, ஆவணம். சில, அது ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டியவை: அனுமதி, வேகம், எண்ணிக்கை, குறிப்பேடு. முதல் வகையை மனிதர்கள் கூடி மதிப்பாய்வு செய்வார்கள். இரண்டாம் வகையை நுழைவாயிலில் நிற்கும் ஒரு மென்பொருள் காவல் செய்யும். அனுமதிச்சீட்டு இல்லாத கேள்வியை அது உள்ளே விடாது.

இந்தக் காவல் மென்பொருள்களை உலகத்துக்கு விற்ற நிறுவனங்களில் ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. 2005இல் இலங்கையில் தொடங்கப்பட்ட 'டபிள்யூஎஸ்ஓ2' சேவைகளை இணைக்கும் மென்பொருளையும், அவற்றை ஆளுவதற்கான பதிவேட்டு மென்பொருளையும் திறந்த மூலமாகவே வெளியிட்டது. 'ஈபே' போன்ற பெரிய நிறுவனங்களே அதன் தயாரிப்புகளைப் பாவித்தன. ஆகவே, நம் நாட்டில் இதற்கான அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அமேசனின் கட்டளை

2002ஆம் ஆண்டளவில் 'அமேசன்' நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் தன் நிறுவனத்துக்குள் ஒரு கட்டளை பிறப்பித்தார். அங்கு வேலை செய்த ஸ்டீவ் யெகி என்ற பொறியியலாளர் 2011இல் எழுதிய பதிவு ஒன்று தவறுதலாகப் பொதுவெளிக்கு வந்ததால் அது உலகத்துக்குத் தெரிய வந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எல்லாக் குழுக்களும் தம் தரவைச் சேவைகள் மூலமாகவே மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும், இன்னொரு குழுவின் தரவுக் களஞ்சியத்துக்குள் யாரும் நேரடியாகக் கை வைக்கக்கூடாது, ஒவ்வொரு சேவையும் நாளை வெளியாருக்குத் திறந்துவிடக்கூடிய தரத்தில் இருக்க வேண்டும், கேட்காதவருக்கு வேலை போகும்.

கட்டளையைவிட, அதற்குப் பிறகு நடந்தவைதான் பாடம். ஒரு கோளாறு வந்தால் அது இருபது சேவைகளைத் தாண்டிப் போய்த்தான் மூலத்தைக் காட்டியது. பக்கத்துக் குழு அளவுக்கு மீறிக் கேள்விகள் கேட்டாலே ஒரு சேவை மூச்சுத்திணறி விழுந்தது. எனவே, ஒவ்வொருவருக்கும் எத்தனை கேள்விகள் என்ற பங்கீடு வந்தது. எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்று தேட ஒரு பதிவேடு தேவைப்பட்டது. மேலிருந்து ஒரே நாளில் வந்த கட்டளைக்குக் கீழே, அனுபவத்தால் சிறுசிறு விதிகள் வளர்ந்தன. அமேசன் பிற்காலத்தில் தன் கணினி வளங்களை உலகத்துக்கு வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கியபோது இந்தப் பழக்கம் அதற்குக் கைகொடுத்தது.

தனியார் நிறுவனத்தில் 'வேலை போகும்' என்பதே கடைசி விதியாக இருக்கலாம். அரசாங்கத்தில் அந்த இடத்தில் சட்டம் இருக்க வேண்டும்.

நாற்பத்தைந்து நிமிடங்கள்

விதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகில் அடிக்கடி சொல்லப்படும் உதாரணம், அமெரிக்கப் பங்குச் சந்தைத் தரகு நிறுவனமான 'நைட் கெப்பிட்டல்'. 2012 ஓகஸ்ட் 1 காலை சந்தை திறந்து சுமார் 45 நிமிடங்களுக்குள் அதன் மென்பொருள் 40 இலட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகளைத் தானாகவே செய்து முடித்தது. உண்மையில் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்திருந்தவை 212 கட்டளைகள் மட்டுமே. நட்டம் 46 கோடி டொலருக்கும் மேல்.

காரணத்தை அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு 2013இல் விரிவாக வெளியிட்டது. 2003இலேயே பாவனையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பழைய நிரல் அழிக்கப்படாமல் சேர்வர்களில் கிடந்தது. அதை இயக்கும் குறியையே புதிய நிரலுக்கும் பாவித்தார்கள். புதிய நிரலை எட்டுச் சேர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது; ஏழில் மட்டும் ஏற்றினார்கள். எட்டாவதில் பழைய நிரல் விழித்துக்கொண்டது. ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதப்பட்ட நடைமுறை அங்கு இருக்கவில்லை. சந்தை திறக்கும் முன்பே 97 மின்னஞ்சல்கள் தவறைச் சுட்டிக்காட்டியபடி தானாக அனுப்பப்பட்டன. அவற்றைப் பார்த்து நடவடிக்கை எடுப்பது யாருடைய வேலை என்பது வகுக்கப்பட்டிருக்கவில்லை.

மேலே எழுதிய ஏழு கேள்விகளில் நான்காவது, ஆறாவது, ஏழாவது மூன்றும் இங்கே பதிலில்லாமல் கிடந்தன. அந்த நிறுவனம் ஒரு வருடத்துக்குள் இன்னொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. செத்துப்போன சேவையை முறையாக அடக்கம் செய்வதும் ஆளுகைதான்.

எஸ்தோனியா: கேட்டவரின் பெயர் எழுதப்படும்

சுமார் 13 இலட்சம் மக்கள் வாழும் எஸ்தோனியா, அரச சேவைகளை இணைக்கும் 'எக்ஸ்-ரோட்' முறையை 2001இல் தொடங்கியது. எங்கள் நாட்டின் டிஜிட்டல் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பெயர் இது. ஆனால், அதன் மென்பொருளைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதன் விதிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதல் விதி: எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் குவிப்பதில்லை. சனத்தொகைப் பதிவு ஓரிடம், மருத்துவம் ஓரிடம், காணி ஓரிடம். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர். மற்றவர்கள் கேட்டுப் பெற வேண்டும். எந்த நிறுவனம் எந்தச் சேவையைக் கேட்கலாம் என்பதை அந்தச் சேவையின் உரிமையாளரே தீர்மானிக்கிறார்.

இரண்டாம் விதி: ஒரே தகவலைத் திரட்ட இரண்டாவது களஞ்சியம் கட்டக்கூடாது என்று அந்த நாட்டின் பொதுத் தகவல் சட்டமே சொல்கிறது. அரசாங்கத்திடம் ஏற்கனவே இருக்கும் தகவலைக் குடிமகனிடம் திரும்பக் கேட்கக்கூடாது என்ற கொள்கை இதிலிருந்துதான் நடைமுறைக்கு வருகிறது.

மூன்றாம் விதி: புதிய அரசத் தரவுக் களஞ்சியம் கட்டுபவர் அதன் ஆவணங்களை 'ரிஹா' என்ற பதிவேட்டில் இட வேண்டும். தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் உட்படச் சில அமைப்புகள் அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

நான்காம் விதிதான் எனக்கு மிகப் பிடித்தது. சேவைகளுக்கு இடையே போகும் ஒவ்வொரு செய்தியும் கையொப்பமும் நேர முத்திரையும் இடப்பட்டுக் குறிக்கப்படுகிறது. குடிமக்கள் அரச இணையத்தளத்துக்குள் போய், பல பதிவேடுகளில் தங்கள் தகவலை எந்த நிறுவனம் எப்போது பார்த்தது என்று தாங்களே பார்க்கலாம். காரணமில்லாமல் பிறர் பதிவைத் திறந்து பார்த்த உத்தியோகத்தர்கள் அங்கு தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள்.

எஸ்தோனியா தவறே செய்யாத நாடல்ல. 2017இல் அடையாள அட்டைகளின் சில்லில் பாதுகாப்புக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டு, சுமார் ஏழரை இலட்சம் அட்டைகளின் டிஜிட்டல் சான்றிதழ்களை நவம்பரில் முடக்கிப் புதுப்பிக்க நேர்ந்தது. 2021இல் ஒருவர், அரச சேவை ஒன்றில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 2,86,438 பேரின் அடையாள அட்டைப் படங்களைத் தரவிறக்கிவிட்டார். விதிகள் எல்லாம் இருந்தும் ஒரு கதவு சரியாகப் பூட்டப்படவில்லை. ஆனால், இரண்டு முறையும் அந்த அரசாங்கம் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று எண்ணிச் சொன்னது. என்ன இருக்கிறது, யாருடையது என்று பதிந்து வைத்திருந்தால்தான் எதை இழந்தோம் என்று எண்ண முடியும்.

இலங்கை: திட்டம் இருந்தது, பிறகு?

இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், அதாவது ஐ.சி.டி.ஏ., 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. திணைக்களங்களின் சேவைகளை இணைக்க 'லங்கா கேட்' என்ற இடைத்தளத்தை அது சேவைசார் கட்டமைப்பில் கட்டியது. ஆட்கள், காணி, வாகனம் போன்ற தகவல்களை எல்லாத் திணைக்களங்களும் ஒரே வடிவத்தில் எழுத வேண்டும் என்பதற்காக 'லைஃப்' என்ற இடைச்செயற்பாட்டுச் சட்டகத்தையும் வெளியிட்டது. மேலே சொன்ன வாகன அனுமதிப்பத்திரச் சேவை அந்த முயற்சிகளின் காலத்தில் வந்த நல்ல விளைவுகளில் ஒன்று.

அப்படியானால் குறை எங்கே? வழிகாட்டியை எழுதுவது ஒன்று, அதைப் பின்பற்றாத திணைக்களத்தை அழைத்துக் கேள்வி கேட்பது வேறொன்று.

2023 ஓகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரச மேகக் கணினி முறைமையில் இருந்த மின்னஞ்சல் சேவை, பணயம் கேட்கும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பாவித்த சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் இல்லாமல் போயின. இணையத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. பாவனையில் இருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அதே வருடம் ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் திட்டம் 2021இலிருந்தே இருந்தும், நிதியாலும் முடிவுகள் தாமதித்ததாலும் தள்ளிப்போனதாகச் சொல்லப்பட்டது. ஆதரவு முடிந்த மென்பொருள் இன்ன திகதிக்கு மேல் ஓடக்கூடாது, விதிவிலக்கு வேண்டுமானால் இன்னார் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு கட்டாய விதி இருந்திருந்தால், அந்தத் தாமதத்துக்கு ஒருவர் பெயரோடு பொறுப்பேற்க நேர்ந்திருக்கும்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. தென்னாசியாவில் இப்படி ஒரு தனிச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த நாடுகளில் நாமும் ஒன்று. ஆனால், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய திகதி பின்னர் தள்ளிப்போடப்பட்டது. தேசிய பாதுகாப்பு போன்றவற்றுக்கு அதில் விதிவிலக்குகளும் உண்டு.

எங்கள் பெயர், எங்கள் பதிவு

தமிழர்களாகிய எங்களுக்கு இந்த விடயத்தில் இரண்டு தனிக் கவலைகள் இருக்கின்றன.

ஒன்று பெயர். தமிழில் ஒரே மாதிரி எழுதப்படும் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். 'சிவா'வை எஸ்ஸில் மட்டும் தொடங்குபவரும் உண்டு, பின்னால் எச் சேர்ப்பவரும் உண்டு. 'வ'வுக்குத் தமிழ் எழுதுவினைஞர் வி போடுவார். சிங்கள வழக்கத்தில் பழகியவர் டபிள்யூ போடுவார். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று என்று ஆகிவிடும். அதோடு, எங்களில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முன்னால் வருவது தகப்பனின் பெயர். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் நகரவிடாத படிவத்தில் தகப்பனின் பெயரை எழுதிவிட்டு, பிறகு எல்லாக் கடிதங்களும் தகப்பனின் பெயருக்கே வருவதைப் பார்த்தவர்கள் இதை வாசித்துச் சிரிக்கக்கூடும். ஆனால், சேவைகள் தமக்குள் தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும் காலத்தில் இது சிரிப்பான விடயமல்ல. ஒரு எழுத்து மாறினால் கொடுப்பனவு நிற்கும். மனித எழுதுவினைஞர் 'இரண்டும் ஒரே ஆள்தான்' என்று கண்ணால் பார்த்து விட்டுவிடுவார். கணினி விடாது. எனவே, பெயரை மூல மொழியில் எப்படிச் சேமிப்பது, எழுத்து வேறுபாட்டை எப்படிக் கையாள்வது, பொருந்தாவிட்டால் மறுக்கும் முன் எந்த மனிதர் பார்ப்பது என்பவை ஆளுகைக் கொள்கையில் இருக்க வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல். அது தரவுக் களஞ்சியத்தின் உள்ளேயும் பொருந்த வேண்டும்.

மற்றக் கவலை 'பதிவு' என்ற சொல். படையினர் வீடு வீடாக வந்து குடும்ப விபரங்களைப் பதிந்துகொண்டு போன காலத்தை வடக்கு, கிழக்கில் யாரும் மறக்கவில்லை. அந்தத் தகவல் எங்கே போனது, யார் பார்த்தார், எதற்குப் பாவித்தார் என்று கேட்க வழியே இருக்கவில்லை. அப்போது அது கடதாசியில் இருந்தது. ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போக நாளெடுத்தது. சேவைகள் இணைந்த பிறகு ஒரு நொடி போதும். இந்தியாவின் நிதியுதவியுடன் வரவிருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிப் பேசும்போது, கைரேகையை எங்கே வைப்பார்கள் என்று பலர் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால், அந்த அடையாளத்தை எந்தெந்தச் சேவை கேட்கலாம், கேட்டதன் குறிப்பு எனக்குத் தெரியுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்தியாவில் ஆதார் வழக்கின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அடையாளம் சரிபார்த்ததன் குறிப்புகளை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றும், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் ஆதாரைக் கேட்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவை இரண்டுமே சேவை ஆளுகை விதிகள்தான். அங்கே நீதிமன்றம் எழுத நேர்ந்ததை இங்கே முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

விதி கூடினாலும் கெடும்

ஒரு எச்சரிக்கையும் தேவை. ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் பத்துப் பேர் கொண்ட குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றால், வேலை செய்பவர்கள் சுற்றுவழி தேடுவார்கள். தரவை எக்செல் கோப்பில் இறக்கி வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தக் கோப்புக்கு உரிமையாளரும் இல்லை, குறிப்பேடும் இல்லை. நல்ல கொள்கை குறைந்த விதிகளைக் கொண்டிருக்கும். அவற்றில் முடிந்தவற்றை இயந்திரமே சரிபார்க்கும். விதிவிலக்குக் கேட்க ஒரு நேர்வழி இருக்கும். அந்த விதிவிலக்குக்கு முடிவுத் திகதியும் இருக்கும்.

நாங்கள் என்ன செய்யலாம்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரஜையான எவரும் ஒரு பகிரங்க அதிகாரசபையிடம் தகவல் கேட்கலாம். தமிழிலும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். உங்கள் பிரதேச சபையோ, திணைக்களமோ புதிய இணையச் சேவை ஒன்றைத் தொடங்கினால் மேலே உள்ள ஏழு கேள்விகளையும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். மூன்றாவதையும் ஐந்தாவதையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருளின் நிரலைக் கேட்கத் தேவையில்லை. 'எனது தகவலை யார் பார்க்கலாம் என்று எழுதிய விதியின் பிரதி ஒன்று தாருங்கள்' என்றால் போதும். அப்படி ஒரு விதி இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலும் ஒரு தகவல்தான்.

தம்பியின் பதிவு கடைசியில் திருத்தப்பட்டது. அதே கருமபீடத்து அம்மாதான் தனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, எங்கேயோ யாரோ ஒருவர் திருத்தினார். யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அன்று எங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது, நன்றியும் சொன்னோம். வீட்டுக்கு வரும் வழியில் தம்பி கேட்டான்:

"அக்கா, எங்களுக்காக மாத்தினவை, எங்களுக்கெதிராகவும் மாத்தலாம்தானே?"